பேரிக்காய்த் திருட்டும் பேரரசரின் ஆணையும்

வரலாற்றுத் தொடர் – 17

ரோமாபுரி விழுந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கி.பி. 410 ஆகஸ்டு 24 அன்று அலாரிக்கின் கோத்தியப் படை நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. அதற்கு முன்பும் பின்பும் ரோமின் பெரிய குடும்பங்கள் சிசிலிக்கும், அங்கிருந்து வட ஆப்பிரிக்கக் கரைக்கும் கப்பலேறின. அந்த அகதிகளோடு அகதியாக வந்தவர் பெலாஜியஸ். பிரிட்டனில் பிறந்து ரோமில் பல ஆண்டுகள் வாழ்ந்த துறவி. குருப்பட்டம் பெறாதவர். பருத்த உடல், மெதுவான நடை. பின்னாளில் எதிரிகள் இந்த உடலைக்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்காட்டியக் கூழைத் தின்று பருத்தவர் என்று பெத்லகேமில் இருந்த ஜெரோம் ஏளனமாக எழுதினார்.

பெலாஜியஸ் வந்திறங்கிய துறைமுகம் ஹிப்போ, இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா. அவ்வூர் ஆயர் அகஸ்டின் அந்நேரம் வெளியூர் போயிருந்தார். பிறகு 411இல் கார்த்தேஜில் ஓரிரு முறை அவர் முகத்தைப் பார்த்ததாக அகஸ்டினே எழுதியிருக்கிறார். பார்த்ததோடு சரி. தோனாத்துப் பிரிவினரோடு அந்த ஜூன் மாதம் நடந்த பெரிய விவாத மாநாட்டு வேலையில் அவர் மூழ்கிக் கிடந்தார். பெலாஜியஸ் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டுவிட்டார். மனிதன் தன் முயற்சியால் பாவத்தை வெல்ல முடியுமா, கடவுளின் அருள் தூக்கிவிட்டால்தான் எழ முடியுமா என்ற கேள்வி அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் மேற்கத்தியத் திருச்சபையைக் கலக்கியது. அந்தக் கேள்வியின் இரு பக்கங்களிலும் முதலில் நின்ற இவர்கள் ஒருநாளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசவில்லை.

பூசலின் விதை அதற்கு முன்பே ரோமில் விழுந்திருந்தது. அகஸ்டின் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் சொல்வதுபோல் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பாகத்தில் ஒரு மன்றாட்டு வருகிறது. கடவுள் தான் இடும் கட்டளையை நிறைவேற்றும் வலிமையையும் தானே தரவேண்டும் என்பது அதன் சாரம். ஓர் ஆயர் பெலாஜியஸின் முன்னால் அதை எடுத்துச் சொன்னார். பெலாஜியஸால் பொறுக்க முடியவில்லை. சொன்னவரோடு கைகலப்பு வரும் அளவுக்குக் கொதித்தார் என்று முதுமையில் அகஸ்டின் நினைவுகூர்கிறார்.

அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. 380இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய பிறகு, பதவிக்காகவும் திருமண உறவுக்காகவும் கூட்டம் கூட்டமாக மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெயரளவுக் கிறிஸ்தவர்களால் ரோம் நிறைந்திருந்தது. தப்பு செய்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: மனித உடம்பு பலவீனமானது, என்ன செய்வது? இந்தச் சாக்கை உடைக்க வேண்டும் என்று பெலாஜியஸ் நினைத்தார். கடவுள் நீதியுள்ளவர். நீதியுள்ளவர் செய்ய முடியாததைக் கட்டளையிட மாட்டார். அவர் கட்டளையிட்டிருந்தால் அது மனிதனால் முடியும் என்றுதான் பொருள். ஆதாம் பாவம் செய்தது ஆதாமோடு போயிற்று. அவன் நமக்கு விட்டுச்சென்றது கெட்ட முன்மாதிரி. அதைப் பார்த்துப் பழகிய பழக்கம் நம் மேல் துருவாய்ப் படிந்திருக்கிறது, அவ்வளவே. படைப்பில் கடவுள் தந்த சித்தம் இன்னும் முழுமையாகவே இருக்கிறது. அருள் என்பது அந்தச் சித்தமும், திருச்சட்டமும், கிறிஸ்துவின் போதனையும் முன்மாதிரியும், பாவ மன்னிப்பும்தான்.

இதை அவர் மிக அழகாக எழுதிய இடம் 413இலோ 414இலோ தெமெத்ரியாஸ் என்ற பெண்ணுக்கு அனுப்பிய கடிதம். ரோமின் உச்சாணிக்கிளைக் குடும்பமான அனிச்சியரின் வாரிசு அவள். பாட்டி புரோபாவோடும் தாய் ஜூலியானாவோடும் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்திருந்தாள். திருமண ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வேளையில், பதினான்கு வயதுவாக்கில், திருமணம் வேண்டாம், கன்னித் துறவுதான் வேண்டும் என்று முடிவெடுத்தாள். கார்த்தேஜ் ஆயர் அவ்ரேலியுஸ் அவளுக்கு முக்காடிட்டு ஆசி தந்தார். இந்தச் செய்தி அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தாய் கேட்டுக்கொண்டதால் ஜெரோம் எழுதினார், பெலாஜியஸும் எழுதினார். அறநெறி பேசும்போதெல்லாம் மனித இயல்பின் வலிமையைக் காட்டித்தான் தொடங்குவது தன் வழக்கம் என்கிறார் பெலாஜியஸ். குலமும் செல்வமும் அவளுக்குப் பிறர் தந்தவை, ஆன்மாவின் செல்வத்தை மட்டும் அவளேதான் சம்பாதிக்க முடியும் என்பது அந்தக் கடிதத்தின் மையக் கருத்து. ஒரு சிறுமியின் முதுகை நிமிர்த்தும் எழுத்து அது. சில ஆண்டுகள் கழித்து அகஸ்டின் ஜூலியானாவுக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தில் சரியாக அந்த இடத்தைத்தான் தொட்டார். அவளே சம்பாதித்தது என்றால், கடவுளிடம் அவள் கேட்டுப் பெற எதுவுமில்லை என்றாகிவிடும் அல்லவா?

அகஸ்டின் இதை நூலறிவிலிருந்து மட்டும் கேட்கவில்லை. பதினாறு வயதில் தன் ஊரான தகாஸ்தேயில் நண்பர்களோடு சேர்ந்து இரவில் அண்டைத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடிய கதையை 'ஒப்புதல்கள்' நூலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசியில்லை. அந்தக் காய்களில் ருசியுமில்லை. வீட்டில் அதைவிட நல்ல காய்கள் இருந்தன. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். பிறகு ஏன் திருடினோம் என்று கேட்டு, தப்பு என்பதாலேயே அது இனித்தது என்ற பதிலுக்கு வந்து சேர்கிறார். அதே நூலின் தொடக்கத்தில் இன்னொரு காட்சி. பேச்சு வராத ஒரு கைக்குழந்தை, தன் பால்குடிச் சகோதரன் மார்பில் பால் குடிப்பதை முகம் வெளுத்து, கசந்த கண்களோடு பார்த்துக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். பால் குறையவில்லை, குழந்தை பட்டினி கிடக்கவுமில்லை. இந்தப் பொறாமையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த முன்மாதிரியைப் பார்த்து அது பழகியது?

386இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அவர் பட்ட பாடும் இதோடு சேர்ந்தது. நல்வழிக்குத் திரும்ப வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறார். அதே மனம் திரும்ப மறுக்கிறது. கையை அசை என்றால் கை அசைகிறது, விரும்பு என்று மனத்துக்கு மனமே கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. சித்தம் இருக்கிறது, ஆனால் அது கட்டுண்டு கிடக்கிறது என்பது அவர் அனுபவித்த உண்மை. வேண்டும் என்று நினைத்தால் முடியும் என்று சொல்லும் எவரும் தன்னையே சரியாகப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனித மனத்தை அறிந்த அளவில் இந்த இருவரில் அகஸ்டின்தான் ஆழமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சண்டை வெளிப்படையாக வெடித்தது பெலாஜியஸால் அல்ல, அவருடைய சீடர் செலஸ்தியஸால். வழக்கறிஞர் படிப்புப் படித்த இளைஞர் அவர், கார்த்தேஜில் தங்கிக் குருப்பட்டம் கேட்டார். மிலான் திருச்சபையின் திருத்தொண்டர் பவுலினுஸ் அவர்மீது புகார் கொடுத்தார். ஆதாம் பாவம் செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும் செத்துத்தான் போயிருப்பான், அவன் பாவம் அவனை மட்டுமே பாதித்தது, பிறக்கும் குழந்தைகள் ஆதாம் விழுவதற்கு முன்பிருந்த நிலையில் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் போதிப்பதாகக் குற்றச்சாட்டு. 411 வாக்கில் கூடிய ஆயர் சங்கத்தில் செலஸ்தியஸ் தடுமாறவில்லை. பாவம் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுகிறதா என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி, அதை மறுக்கும் குருக்களை நானே கேட்டிருக்கிறேன் என்றார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தேவை என்பதையும் ஒத்துக்கொண்டார். ஆப்பிரிக்க ஆயர்கள் பிடித்துக்கொண்ட இடம் அதுதான். ஞானஸ்நானம் பாவ மன்னிப்புக்காகத் தரப்படுகிறது. பிறந்து சில நாளான குழந்தை என்ன பாவம் செய்தது? செய்யவில்லை என்றால், எதை மன்னிக்கிறோம்? செலஸ்தியஸ் விலக்கப்பட்டார். எபேசுவுக்குப் போய் அங்கே குருப்பட்டம் வாங்கிக்கொண்டார்.

ஜென்மப் பாவக் கோட்பாடு இறுகியது இந்தக் கேள்வியின் வழியாகத்தான். 412 முதல் அகஸ்டின் புத்தகத்துக்கு மேல் புத்தகமாக எழுதித் தள்ளினார். ஆதாமுக்குள் மனித குலம் முழுவதும் அடங்கியிருந்தது. அவன் விழுந்தபோது எல்லோரும் விழுந்தோம். வந்து சேர்ந்தது பலவீனம் மட்டுமல்ல, குற்றமும்தான். எனவே ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, எல்லாத் தண்டனைகளிலும் மிக இலேசானது என்றாலும். கிரேக்க மொழி பேசிய கீழைத் திருச்சபை ஆதாமிடமிருந்து மரணமும் சீர்கேடும் வந்தன என்றது. குற்றமும் வந்தது என்று சொல்ல அது முன்வரவில்லை. மேற்கு அகஸ்டினோடு போயிற்று. அவர் கல்நெஞ்சராக இதை எழுதவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 415இல் ஜெரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை என்ற இடத்துக்கு வரும்போது தான் பெரும் நெருக்கடியில் சிக்குவதாகவும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பதில் தெரியாத இடத்தில் அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அடுத்த பல நூற்றாண்டுகளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் மேல் அந்தக் கோட்பாடு எவ்வளவு பாரத்தை ஏற்றியது என்று நினைக்கும்போது, இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பெத்லகேமுக்கு எடுத்துச் சென்றவர் ஒரோசியஸ் என்ற இளம் ஸ்பானியக் குரு. அதே 415 ஜூலையில் எருசலேமில் ஆயர் யோவானின் தலைமையில் விசாரணை நடந்தது. ஒரோசியஸுக்குக் கிரேக்கம் தெரியாது, மொழிபெயர்ப்பாளரோ சரியில்லை. பெலாஜியஸ் கிரேக்கத்தில் சரளமாகப் பதில் சொன்னார். அகஸ்டினின் பெயரை எடுத்தபோது, அகஸ்டினால் எனக்கென்ன என்ற தோரணையில் பேசினார் என்று ஒரோசியஸ் குறைபட்டுக்கொள்கிறார். டிசம்பரில் தியோஸ்போலிஸ் நகரில், இன்றைய இஸ்ரேலின் லோத் ஊரில், 14 ஆயர்கள் கூடி மறுபடி விசாரித்தார்கள். குற்றம் சாட்டிய இரு ஆயர்களும் வரவில்லை. செலஸ்தியஸின் கூற்றுகள் என்னுடையவை அல்ல என்று பெலாஜியஸ் விலகி நின்றார். அவர் திருச்சபையின் உறவில் இருப்பவரே என்று தீர்ப்பாயிற்று.

ஆப்பிரிக்காவில் இது இடியாக இறங்கியது. 416இல் கார்த்தேஜிலும் மிலேவிலும் ஆயர்கள் கூடி ரோமுக்கு எழுதினார்கள். போப் முதலாம் இன்னசென்ட் 417 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார், மார்ச்சில் இறந்துபோனார். அடுத்து வந்த சோசிமுஸ் வழக்கைத் திரும்பத் திறந்தார். செலஸ்தியஸ் நேரில் வந்து நின்றார், பெலாஜியஸ் தன் விசுவாச அறிக்கையை அனுப்பினார். சோசிமுஸ் இருவரிடமும் குற்றம் காணவில்லை. தீர விசாரிக்காமல் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று ஆப்பிரிக்கர்களைக் கடிந்து எழுதினார். ஒரே ஆண்டில் ஒரே வழக்குக்கு ரோமிலிருந்தே இரண்டு தீர்ப்புகள்.

வழக்கை முடித்தது ரவென்னா அரண்மனை. 418 ஏப்ரல் 30 அன்று பேரரசர் ஹொனோரியஸ், பெலாஜியஸையும் செலஸ்தியஸையும் ரோமிலிருந்து நாடுகடத்தி, அவர்கள் கருத்தைப் பேசுவோரையும் பிடிக்கச் சொல்லி ஆணையிட்டார். மறுநாள், மே 1 அன்று, கார்த்தேஜில் 200க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி அந்தப் போதனையைக் கண்டித்தார்கள். அந்தக் கோடையில் சோசிமுஸும் வழிக்கு வந்து கண்டனச் சுற்றறிக்கை வெளியிட்டார். அரண்மனையின் கதவை ஆப்பிரிக்கத் தரப்புதான் தட்டியது என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சித்தத்தின் சுதந்திரத்தைப் பற்றிய விவாதத்தைப் படைபலம் உள்ளவனின் கையெழுத்தால் முடித்தது பெரும் பிழை. அகஸ்டினின் வாதங்களுக்கு அந்த ஊன்றுகோல் தேவையாக இருக்கவில்லை.

சுற்றறிக்கையில் கையெழுத்திட மறுத்த இத்தாலிய ஆயர்கள் சுமார் 18 பேர். அவர்களின் தலைவர் எக்லானும் ஊரின் ஆயர் ஜூலியன், வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியவர். அவருடைய தந்தை மெமோரியுஸ் அகஸ்டினின் நண்பர். பதவி பறிபோய் நாடுகடத்தப்பட்ட ஜூலியன், அகஸ்டினின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை நிம்மதியில்லாமல் செய்தார். அகஸ்டினின் நண்பர் அலிபியுஸ் குதிரைப்படை அதிகாரிகளுக்குக் கொடுக்க எண்பதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கக் குதிரைகளைக் கொண்டுபோனார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அகஸ்டின் அதை மறுத்தார். ஜூலியனின் கூர்மையான வாதம் வேறு. திருமணத்தையும் இச்சையையும் கறைபட்டதாகப் பேசுவது, இளமையில் நீர் இருந்த மானிக்கேய மதத்தின் வாசனைதான் என்றார். பிறந்த சிசுவைத் தண்டிப்பவரைக் கடவுள் என்று அழைக்க முடியுமா என்று கேட்டார். அப்படியானால் குழந்தைகள் ஏன் குருடாகவும் நோயோடும் பிறந்து துன்பப்படுகின்றன, நீதியுள்ள கடவுளின் ஆட்சியில் காரணமில்லாமல் துன்பம் வருமா என்று திருப்பிக் கேட்டார் அகஸ்டின். இரண்டு கேள்விகளும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் பெலாஜியஸ் மனிதனைத் தூக்கி நிறுத்துபவராகவும் அகஸ்டின் அழுத்துபவராகவும் தெரிவார்கள். கோயிலுக்கு வரும் சாதாரண மனிதனின் நிலையிலிருந்து பார்த்தால் கதை வேறு. பாவமே செய்யாமல் வாழ முடியும் என்றால், செய்யும் ஒவ்வொரு சிறு பாவமும் வேண்டுமென்றே செய்த அவமதிப்பாகிவிடுகிறது. சாக்கு இல்லாததுபோலவே இரக்கமும் இல்லை. சிசிலியில் இந்தக் கருத்துக்காரர்கள் சொத்து முழுவதையும் விற்றுக் கொடுக்காத பணக்காரன் பரலோகம் போகவே முடியாது என்று போதித்தார்கள். சிரக்கூசிலிருந்து ஹிலாரி என்பவர் கலங்கிப்போய் அகஸ்டினுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அகஸ்டினின் மறையுரைகளைக் கேட்க வந்தவர்கள் துறைமுகத் தொழிலாளிகள், வழக்காடுபவர்கள், குடிப்பவர்கள், மனைவிக்குத் துரோகம் செய்து அழுபவர்கள். நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரம்தான் திருச்சபை, நாம் இங்கே குணமாகிக்கொண்டிருக்கிறோம், இன்னும் குணமாகி முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னார். விழுந்தவன் நாளைக்கும் வரலாம் என்ற இடம் அகஸ்டினின் சபையில் இருந்தது.

ஆனால் அருளே எல்லாம் செய்யும் என்பதை எதுவரை கொண்டுபோவது? 426 வாக்கில் ஹத்ருமெத்தும் ஊரின் துறவுமடத்தில் இது வந்து முட்டியது. அது இன்றைய துனிசியாவின் சூஸ். புளோருஸ் என்ற துறவி அகஸ்டினின் பழைய கடிதம் ஒன்றைப் படியெடுத்து மடத்துக்கு அனுப்பினார். மடத்துத் தலைவர் வாலெந்தினுஸுக்குத் தெரியாமல் அதைப் படித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். நல்லது செய்யும் விருப்பத்தையும் கடவுளே தருகிறார் என்றால், நாங்கள் தவறும்போது தலைவர் எங்களை ஏன் திட்ட வேண்டும், எங்களுக்காக மன்றாடினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அகஸ்டின் இரண்டு நூல்கள் எழுதி அனுப்பினார். கண்டிப்பும் அருளின் கருவிதான், நோயாளிக்கு வலிப்பதால் மருந்தை நிறுத்துவதில்லை என்பது சாரம். கூடவே, ஆதாமுக்குள் கெட்டுப்போன மனித குலத்திலிருந்து கடவுள் சிலரை மட்டும் முன்குறித்து மீட்கிறார், காரணம் அவர் சித்தத்தில் மறைந்திருக்கிறது என்ற கடினமான முடிவையும் எழுதினார்.

அதைக் கேட்டுத் தெற்குக் கால் நாட்டின், அதாவது இன்றைய தெற்குப் பிரான்சின், துறவிகள் கலங்கினார்கள். மார்சேயில் மடம் நிறுவியிருந்த யோவான் கஸ்ஸியன் எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் பயின்றவர். பவுலையும் மத்தேயுவையும் கடவுள் அவர்கள் நினையாதபோது இழுத்துக்கொண்டார், சகேயுவோ தானே மரத்தில் ஏறினான் என்று காட்டினார். சில வேளை கடவுள் தொடங்குகிறார், சில வேளை மனிதன் தொடங்குகிறான்; ஒரே விதியில் அருளை அடைக்காதீர்கள் என்பது அவர் நிலை. இதில் ஒரு நிதானம் இருக்கிறது. அகஸ்டின் இதற்கும் மறுப்பு எழுதினார். 430இல் வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோதும் ஜூலியனுக்குப் பதில் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நூல் முடியாமலே ஆகஸ்டு 28 அன்று 75 வயதில் இறந்தார்.

முடிவு வர இன்னும் 99 ஆண்டுகள் ஆயின. 529 ஜூலை 3 அன்று, பிரான்சின் ஒராஞ்ச் நகரில், கால் நாட்டு ஆட்சியாளர் லிபேரியுஸ் கட்டிய கோயிலின் அர்ச்சிப்புக்கு ஆர்ல் ஆயர் செசாரியுஸும் 13 ஆயர்களும் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் 25 விதிகளில் கையெழுத்திட்டார்கள். பொதுநிலையினரான பிரபுக்களும் கூடவே கையெழுத்திட்டார்கள். விசுவாசத்தின் முதல் அசைவுகூட அருளால்தான் வருகிறது என்று அகஸ்டினின் பக்கம் நின்றார்கள். கடவுள் எவரையும் தீமைக்கு முன்குறித்தார் என்று சொல்பவர் சபிக்கப்பட்டவர் என்றும் எழுதினார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் கிறிஸ்துவின் துணையோடு முயன்றால் மீட்புக்கானதைச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும் என்றார்கள். 531இல் போப் இரண்டாம் போனிபாஸ் இதை உறுதிசெய்தார். என் பார்வையில், நூறாண்டுச் சண்டையில் வெளிவந்த ஆவணங்களில் மனிதனுக்கும் கடவுளுக்கும் ஒருசேர நியாயம் செய்தது, பதினான்கு ஆயர்கள் மட்டும் கூடிய இந்தச் சிறிய சங்கத்தின் தீர்மானமே.

பெலாஜியஸ் எங்கே எப்போது இறந்தார் என்பதற்குப் பதிவு இல்லை. 418க்குப் பிறகு அவர் வரலாற்றிலிருந்து மறைகிறார். பவுலின் நிருபங்களுக்கு அவர் எழுதிய உரை மட்டும் அழியவில்லை. அவரைக் கூழ் தின்று பருத்தவர் என்று பழித்த ஜெரோமின் பெயரிலேயே அது பிரதியெடுக்கப்பட்டு, இடைக்காலம் முழுவதும் மடங்களில் படிக்கப்பட்டது. தெமெத்ரியாஸுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான் பிழைத்தது.

ஒராஞ்ச் தீர்மானத்தோடும் இந்தச் சண்டை ஓயவில்லை. இதே கேள்வியை ஒன்பதாம் நூற்றாண்டில் காட்ஷாக் என்ற சாக்சன் துறவி மறுபடி எழுப்பினார். 849இல் குயெர்சியில் ஆயர்கள் கூடி அவரைச் சவுக்கால் அடிக்கவைத்து, அவர் எழுதியவற்றை நெருப்பில் போடச் செய்தார்கள். அடுத்த பகுதியில் அவர் கதை.